தோளில் இருந்த கை

மெஷின் கெட்டுவிட்டது என்று நான் பொய் சொல்ல ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை அந்தப் பொய்க்கு நாற்பத்திரண்டு டி-ஷர்ட்டுகளில் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மில்வாக்கியின் வடக்குப் பக்கம், சென்டர் தெருவில் என் கடை. பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணி, சர்ச் பாடகர் குழு, குடும்பச் சந்திப்பு என்று எல்லாவற்றுக்கும் டி-ஷர்ட் அச்சடித்துத் தருவேன். ஆனால் கடை ஓடுவது செத்துப்போனவர்களால்தான். எங்கள் பக்கம் ஒரு பையன் சுடப்பட்டு இறந்தால், போலீஸ் மஞ்சள் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போன மறுநாள் குடும்பம் என்னிடம் வரும். சிரிக்கிற படம் ஒன்று, பின்னால் மேகம், மேகத்துக்குள் ஏறிப்போகும் படிகள். கீழே இரண்டு தேதிகள். பிறந்த தேதிக்கு மேல் 'உதயம்', இறந்த தேதிக்கு மேல் 'அஸ்தமனம்'. இத்தனை வருடத்தில் அந்த மேகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்கப் பழகிவிட்டேன்.

திங்கட்கிழமை வந்தது வெர்னெல் ப்ரூயிட். ஆஸ்பத்திரிச் சமையலறைச் சீருடைக்கு மேல் கோட்டு. பின்னால் அவளுடைய மூத்த மகன் டான்ட்ரெஸ், இருபத்துநாலு வயது. கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. இளைய மகன் ஜார்வெல் முந்தின நாள் மத்தியானம் பெட்ரோல் பங்க்கில் செத்திருந்தான்.

வெர்னெல் போனை நீட்டினாள். போன கோடையில் ஏரிக்கரையில் கறி சுட்டுச் சாப்பிட்ட அன்று எடுத்த படம்.

"இதுதான் வேணும் ரெனிட்டா. பல்லு தெரியச் சிரிக்கிறான் பாரு. மத்ததுல எல்லாம் எவனோ அறைஞ்ச மாதிரி மூஞ்சிய வச்சிருப்பான்."

படத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஜார்வெலின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றவன் கமாரி. வெர்னெல் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிப் பிறந்து, அவள் சமையலறையிலேயே வளர்ந்தவன்.

"அவன எடுத்துடுங்கக்கா." டான்ட்ரெஸ் சொன்னான்.

நான் தலையாட்டிவிட்டு அளவு கேட்டேன்.

"எங்காளுங்க எல்லாருக்கும் டபுள் எக்ஸெல் போடு. எனக்கு லார்ஜ். மீடியம் ஒண்ணு..." என்று எண்ணிக்கொண்டே வந்த வெர்னெல் சட்டென்று நிறுத்தினாள். அவர்கள் கூட்டத்தில் மீடியம் போடுகிற ஒரே ஆள் கமாரிதான். துடைப்பக்குச்சி மாதிரி இருப்பான்.

"மீடியம் வேணாம்," என்றான் டான்ட்ரெஸ்.

நடந்தது இதுதான். ஜார்வெலும் கமாரியும் பெட்ரோல் போட நின்றிருக்கிறார்கள். சாம்பல் நிறக் கார் ஒன்று மெதுவாக வந்திருக்கிறது, உள்ளிருந்து சுட்டிருக்கிறார்கள். ஜார்வெல் விழுந்தான், கமாரி ஓடினான். அதன்பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. போன் அணைந்து கிடந்தது. ஞாயிறு மத்தியானம் 'ஓடிப்போனவன்' என்றிருந்த பேச்சு, சாயங்காலத்துக்குள் 'காட்டிக்கொடுத்தவன்' என்று ஆகிவிட்டது.

*

செவ்வாய்க்கிழமை லூஷியஸ் அண்ணன் கடைக்குள் வந்தார். ஆரஞ்சு நிறக் குளிர்சட்டை, பெரிய தொப்பை. தெருப் பையன்கள் அவரைப் பூசணிக்காய் என்பார்கள், முகத்துக்கு நேராகவே. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "பூசணிக்காய்னா சுடமாட்டீங்கல்லடா, அது போதும்," என்பார்.

பத்தொன்பது வயதில் ஒருவனைச் சுட்டுவிட்டுப் பதினேழு வருடம் சிறையில் இருந்தவர் அவர். இப்போது அவரும் இன்னும் ஏழு பேரும் சேர்ந்து, அடுத்த துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால் போய் நிற்கிற வேலையைச் செய்கிறார்கள். எட்டுப் பேருமே பழைய தெரு ஆட்கள்தான். போலீஸிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பேசினால் மறுநாள் எந்த வீட்டுக் கதவும் திறக்காது.

"டி-ஷர்ட் எப்ப குடுக்கறே?"

"நாளைக்கு. வியாழக்கிழமை பங்க்ல மெழுகுவத்தி ஏத்தி பலூன் விடறாங்களே, அதுக்குப் போட்டுக்கணுமாம்."

"குடுக்காதே."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"பலூன் விட்டதும் நேரா கமாரியோட அத்தை வீட்டுக்குப் போறதா இருக்கானுங்க. தம்பி படத்த நெஞ்சுல மாட்டிக்கிட்டுத்தான் போகணும்னு டெரியன் சொல்லிட்டுத் திரியறான். டி-ஷர்ட் வராம கிளம்ப மாட்டானுங்க." டெரியன், டான்ட்ரெஸின் பெரியம்மா மகன். வாய் நீளம்.

"கமாரி அங்கதான் இருக்கானா?"

"இல்ல. எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரிய வேணாம். ஆனா அங்க அவன் அத்தை இருக்கா. ரெண்டு சின்னக் குழந்தைங்க இருக்கு."

"பேசிப் பாருங்களேன் அண்ணே. மன்னிச்சு விடுங்கடான்னு..."

"மன்னிக்கச் சொன்னா என்னத் தூக்கிப் போட்டு மிதிப்பானுங்க. நான் மன்னிக்கச் சொல்றதே இல்ல ரெனிட்டா. இன்னைக்கு வேணாம்னு மட்டும்தான் சொல்லுவேன். நாளைக்குப் போய் மறுபடியும் அதையே சொல்லுவேன். சனிக்கிழமை அடக்கம் வரைக்கும் இழுத்துக் குடு. சர்ச் பெஞ்சுல உக்காந்தப்புறம் அவனுங்க கைல குடுத்தாப் போதும்."

எனக்கு இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள். மூத்தவன் ரேமண்ட் இறந்தபோதுதான் என் வாழ்க்கையின் முதல் டி-ஷர்ட்டை அச்சடித்தேன், இஸ்திரிப் பெட்டியால், சமையல் மேஜையில். இளையவன் அதைப் போட்டுக்கொண்டு எட்டாம் நாள் வெளியே போனான். இன்றுவரை வாப்பன் சிறையில் இருக்கிறான். அந்த டி-ஷர்ட் போலீஸ் வசம் சாட்சிப் பொருளாக இருக்கிறது. லூஷியஸ் அண்ணனுக்கு இது தெரியும். தெரிந்துதான் என்னிடம் வந்திருந்தார்.

அன்று சாயங்காலம் வெர்னெலுக்கு போன் செய்து, மெஷினில் சூட்டுத் தகடு எரிந்துபோய்விட்டது, சாமான் வர வேண்டும், சனிக்கிழமை கட்டாயம் தந்துவிடுவேன் என்றேன்.

*

வியாழக்கிழமை மத்தியானம் டான்ட்ரெஸ் தனியாக வந்தான்.

அப்போதுதான் ஒரு சர்ச் பாடகர் குழுவுக்குப் பதினைந்து டி-ஷர்ட் அடித்து முடித்து, ஸ்விட்சை அணைத்திருந்தேன். அடித்ததை மேஜைக்கு அடியில் தள்ளத்தான் நேரம் இருந்தது.

"எந்த மெஷின்?"

"அதோ."

அவன் போய் அதன் முன்னால் நின்றான். மூடியைத் தூக்கினான். பிறகு தன் உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்தான்.

தகடு தோசைக்கல் மாதிரி சுடவில்லை, ஆனால் இரண்டு நாளாகக் கெட்டுக்கிடக்கிற மெஷினில் இருக்கக் கூடாத சூடு அதில் இருந்திருக்கும். அவன் கையை எடுக்கவே இல்லை. காய்ச்சல் பார்ப்பது போல வைத்திருந்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"சனிக்கிழமை தவறாதுல்ல?"

"தவறாது."

"சரி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று பலூன் விட்டார்கள். நீலமும் வெள்ளையும். டி-ஷர்ட் இல்லை. ஏரியிலிருந்து வந்த காற்றில் மெழுகுவத்தி எதுவும் நிற்கவில்லை. டெரியன் மட்டும் காரில் ஏறி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தானாம். டான்ட்ரெஸ் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை நிதானமாக அடித்து வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் காலையிலேயே டெரியன் கடைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டான். மீன் வறுவல் பொட்டலத்தை மடியில் வைத்துத் தின்றுகொண்டே கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒருமுறை இறங்கி வந்தான்.

"என்னக்கா, மெஷின் இன்னும் எந்திரிக்கலையா? வேணும்னா எங்க மாமாவ வரச் சொல்றேன். மைக்ரோவேவ்கூட ரிப்பேர் பண்ணுவாரு."

"உங்க மாமா கை வச்ச மைக்ரோவேவ் தெருவையே இருட்டாக்குச்சுன்னு கேள்விப்பட்டேன். நீ போய் மீனத் தின்னு."

அவன் சிரித்தான், ஆனால் போகவில்லை. நான் மெஷின் பக்கமே போகாமல் நாள் பூராவும் கடையைக் கூட்டினேன்.

சனிக்கிழமை விடியும் முன்பே வந்து கதவை உள்ளே பூட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். பதினொரு மணிக்கு ஆராதனை. கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து கமாரியை அழித்தேன். முகம் போனது, உடம்பு போனது, மேகம் வந்தது. ஜார்வெலின் சிரிப்பை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துப் பல் ஒவ்வொன்றையும் சரிசெய்தேன். பிறகு அடிக்க ஆரம்பித்தேன். நாற்பத்திரண்டு. கடைசி டி-ஷர்ட் சூடாக இருக்கும்போதே பெட்டியில் போட்டு, கறுப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு வேனில் சர்ச்சுக்கு விரைந்தேன்.

*

ஆராதனையில் எல்லோரும் கோட்டோடுதான் உட்கார்ந்தார்கள். பழைய கட்டடம், சூடு போதவில்லை. டி-ஷர்ட்டை வாங்கி அவசரமாக உள்ளே போட்டுக்கொண்டு, மேலே கோட்டைப் பூட்டிக்கொண்டார்கள். வெள்ளைக் கையுறை போட்ட சர்ச் ஊழியப் பெண்கள் மயங்கி விழுந்தவர்களுக்கு விசிறினார்கள். வெர்னெல் விழவில்லை. சவப்பெட்டியை மூடும்போது மட்டும், "தொப்பிய வச்சுவிடுங்க, தலைக்குக் குளிரும்," என்றாள்.

கல்லறையில் காற்று முகத்தை அறுத்தது. அங்கேயும் கோட்டுதான்.

பிறகு எல்லோரும் சர்ச்சின் கீழ்த்தளத்துக்குச் சாப்பிட வந்தோம். கோழி வறுவல், பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனி, கீரை, வெண்ணெய் கேக். கீழே அடுப்பின் சூட்டில் கதகதப்பாக இருந்தது. ஒவ்வொருவனாகக் கோட்டைக் கழற்றினான். நாற்பத்திரண்டு ஜார்வெல்கள் பல் தெரியச் சிரித்தார்கள்.

டெரியன் எதிரே உட்கார்ந்திருந்தவனின் நெஞ்சைப் பார்த்தபடி கோழிக்காலைக் கடிக்கப் போனான். கடிக்கவில்லை.

"டேய். இது யாரு கை?"

நான் திரும்பினேன். ஜார்வெலின் இடது தோளில், வெள்ளைச் சட்டையின் மேல், நான்கு விரல்கள் இருந்தன. கடைசி விரல் பாதிதான். நுனி இல்லை. வடக்குப் பக்கத்தில் அந்த விரலைத் தெரியாதவர் கிடையாது.

அந்தக் காலை நேரத்து அவசரத்தில் நான் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். கமாரியை முழுக்க அழித்துவிட்டு, அவன் கையை நாற்பத்திரண்டு முறை அச்சடித்திருக்கிறேன்.

"நம்ம நெஞ்சுல அவன் கை!" டெரியன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "ஜார்வெலப் பொதைக்கக்கூட அவன் வரல, கை மட்டும் வந்திருக்கு! கிளம்புங்கடா!"

நாற்காலிகள் இழுபட்டன. சர்ச்சுக்குள் எங்கள் பையன்கள் துப்பாக்கி கொண்டுவர மாட்டார்கள். அது ஒரு கட்டுப்பாடு. காரில் வைத்துவிட்டு வருவார்கள். காருக்கும் இந்த அறைக்கும் நடுவில் பதினான்கு படிகள் இருந்தன.

டான்ட்ரெஸும் எழுந்து நின்றான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். லூஷியஸ் அண்ணன் வாசலை மறிக்கவில்லை. மறித்தால் தள்ளிக்கொண்டு போவார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார்.

நான் சத்தமாகச் சொன்னேன்: "இப்படியேவா போகப் போறீங்க? அவன் கையையே சுமந்துக்கிட்டு அவனத் தேடப் போறீங்களா? பாக்கறவன் சிரிப்பான்டா."

டெரியன் நின்றான். "இதப் பண்ணதே நீங்கதான்!"

"ஆமா, நான்தான். என் தப்பு. நானே சரிபண்ணித் தரேன். எல்லாத்தையும் கழட்டு. வேன்ல கறுப்பு ஒட்டுத்தாள் இருக்கு, இஸ்திரிச் சூட்டுல ஒட்டிக்கும். கைய மறைச்சுத் தரேன், அப்புறம் எங்க வேணாலும் போங்க."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு டி-ஷர்ட்டுக்கு மூணு நிமிஷம். சூடு ஆறணும், இல்லன்னா தெருவுக்குப் போறதுக்குள்ள உரிஞ்சிடும்."

ஆற அரை நிமிஷம் போதும். இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

டெரியன் டான்ட்ரெஸைப் பார்த்தான். டான்ட்ரெஸ் கொஞ்ச நேரம் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தான். பிறகு மெல்ல உட்கார்ந்தான். "ஒட்டட்டும்," என்றான்.

பாடகர்களின் அங்கி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். மடக்கு மேஜையில் துண்டை விரித்து வேலையைத் தொடங்கினேன். அப்புறம் அந்த அறை எப்படி இருந்தது என்றால், மலை மாதிரி ஆண்பிள்ளைகள் வெறும் உள்பனியனோடு, என்ன செய்வதென்று தெரியாமல், கையில் மக்ரோனித் தட்டோடு நின்றார்கள். நவம்பர் மாதம். கோட்டை மாட்டலாம்தான், ஆனால் நெஞ்சில் ஜார்வெல் இல்லாமல் எவனும் கிளம்ப மாட்டான். கிழவிகள் வந்து, "இன்னும் ரெண்டு துண்டு வச்சுக்கோ தம்பி, எலும்பெல்லாம் தெரியுது," என்று நூற்று இருபது கிலோ ஆளின் தட்டில் கேக்கை வைத்துவிட்டுப் போனார்கள்.

"பூசணிக்காய் அண்ணே, உங்க சட்டையக் குடுங்க, குளிருது," என்று ஒருவன் கத்தினான்.

"இதப் போட்டா என் வேலையும் செய்யணும். சரியா?"

"அய்யோ, வேணாம். எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

யாரோ சிரித்தார்கள். அந்த வாரம் நான் கேட்ட முதல் சிரிப்பு. லூஷியஸ் அண்ணன் ஒவ்வொருவன் பக்கத்திலும் போய் உட்கார்ந்தார். இவனுடைய மகளுக்கு எத்தனை மாதம் ஆகிறது, அவனுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு கிடைத்ததா என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் போனது. சிலர் டி-ஷர்ட் வந்ததும் அம்மாவையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். டெரியன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அவனோடு ஆறேழு பேர்.

கடைசியாக டான்ட்ரெஸ் வந்து என் எதிரே உட்கார்ந்தான். டி-ஷர்ட்டைக் கழற்றி மேஜையில் விரித்தான். நான் தாளை வெட்டினேன்.

"அன்னைக்கு மெஷின் சூடா இருந்துச்சுக்கா," என்றான்.

கத்தரிக்கோல் என் கையில் அப்படியே நின்றது.

"தெரியுமா உனக்கு?"

"கைய வச்சுப் பாத்தேனே."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லாம போனே?"

தகட்டின் மேல் அவன் கை வைத்திருந்த விதம் எனக்கு நினைவு வந்தது. எடுக்காமல் வைத்திருந்தானே, அது. டி-ஷர்ட் தராததற்கு நான் ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்று அவன்தான் காத்திருந்திருக்கிறான். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவனால் தானாக நிற்க முடியாது. வேறு யாராவது நிறுத்த வேண்டியிருந்தது.

அவன் அந்தப் பாதி விரலின் மேல் தன் விரலை வைத்தான்.

"இது நான் பண்ணது. இவனுக்கு எட்டு வயசு, எனக்குப் பதினொண்ணு. ஜன்னல் சீட்டுக்குச் சண்ட. கார் கதவ ஓங்கி அறைஞ்சேன், இவன் விரல் உள்ள இருந்துச்சு. ஆஸ்பத்திரில எல்லாரும் கேட்டாங்க. நானே மூடிக்கிட்டேன்னான். அவங்கம்மா கேட்டப்பவும் அதையேதான் சொன்னான். எங்கம்மாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

லூஷியஸ் அண்ணன் எப்போது வந்து பக்கத்தில் நின்றார் என்று நான் கவனிக்கவில்லை.

"பேசறியா?" என்று எண்ணை அழுத்தித் தன் போனை நீட்டினார். "கேக்க வேண்டியத கமாரிகிட்டயே கேளு. நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

டான்ட்ரெஸ் போனை வாங்கினான். காதில் வைத்தான். மறுபக்கம் யாரோ எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"நான்தான்," என்றான் டான்ட்ரெஸ். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவன் கடைசியா என்ன சொன்னான்?"

நான் ஒரு அடி தள்ளித்தான் இருந்தேன். அந்தச் சின்னக் குரல் எனக்கும் கேட்டது.

"ஓடுன்னான். ஓடு, ஓடுன்னு கத்துனான். நான் ஓடிட்டேன் டான்... திரும்பிக்கூடப் பாக்கல. ஓடிட்டேன்."

அதற்குமேல் அழுகைதான். டான்ட்ரெஸ் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"உண்மையா அண்ணே?"

"நான் அங்க இல்லையேடா," என்றார் லூஷியஸ் அண்ணன். "தெரியல."

"அவன் பொய் சொல்லுவான்." டான்ட்ரெஸ் டி-ஷர்ட்டைப் பார்த்தபடியே சொன்னான். "எனக்காக ஒரு தடவ சொல்லியிருக்கான்."

படிக்கட்டிலிருந்து டெரியன் கத்தினான். "டேய், முடிஞ்சுதா? இருட்டப் போகுது!"

நான் கறுப்புத் தாளைக் கையின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன். டான்ட்ரெஸ் தாளை எடுத்துக் கசக்கி மேஜைக்கு அடியில் போட்டான். டி-ஷர்ட்டைத் தலைவழியாக மாட்டிக்கொண்டான். தம்பியின் தோளில் அந்தக் கை அப்படியே இருந்தது.

அவன் படிக்கட்டுக்குப் போனான். எல்லோரும் அவன் நெஞ்சைப் பார்த்தார்கள். டெரியன் வாயைத் திறந்தான்.

"சாவி," என்றான் டான்ட்ரெஸ்.

"என்னடா இது? உன் தம்பிடா அவன்!"

"என் தம்பிதான். சாவியக் குடு."

டெரியன் கொடுக்கவில்லை. முறைத்துக்கொண்டு நின்றான். ஜார்வெலுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான் என்பதை நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டிருந்தோம். டான்ட்ரெஸ் கை நீட்டியபடியே நின்றான். அவ்வளவு நேரம் ஒருவன் கை நீட்டி நின்று நான் பார்த்ததில்லை. கடைசியில் டெரியன் சாவியைத் தரையில் வீசிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதான். மற்றவர்களும் அவரவர் சாவியை எடுத்தார்கள். எல்லோரும் இல்லை. இரண்டு பேர் படியேறிப் போனார்கள். லூஷியஸ் அண்ணன் அவர்கள் பின்னால் மூச்சிரைக்க ஏறினார்.

டான்ட்ரெஸ் சாவிகளை அம்மாவிடம் கொண்டுபோய் அவள் மடியில் போட்டான். வெர்னெல் அவற்றைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவன் டி-ஷர்ட்டில் இருந்த பாதி விரலைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"உக்காரு."

*

அன்று யாரும் சாகவில்லை. அதைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, எழுத என்ன இருக்கிறது? படியேறிப் போன இருவரோடும் லூஷியஸ் அண்ணன் ஒரு காரில் உட்கார்ந்து மறுபடியும் 'இன்னைக்கு வேணாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஞாயிற்றுக்கிழமையும் போய்ச் சொன்னார். திங்கட்கிழமையும். சுட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. சாம்பல் நிறக் கார் நகரத்தில் ஆயிரம் இருக்கும்.

டிசம்பர் பாதியில், முதல் பனி தெருவோரத்தில் கறுத்துக் கிடந்த ஒரு காலையில், கடை மணி அடித்தது. டான்ட்ரெஸ். பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான்.

"ஜார்வெல் படம் இன்னும் வச்சிருக்கீங்களாக்கா?"

"எதையும் அழிக்கறதில்லப்பா. அம்மா குடுத்த படம்கூட அப்படியே இருக்கு."

"இன்னும் ஒண்ணு அடிச்சுத் தரணும்."

"டபுள் எக்ஸெல்தானே?"

அவன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தான்.

"மீடியம்," என்றான்.

நான் அலமாரியில் மீடியம் தேடி எடுத்து விரித்தேன். மெஷினைப் போட்டேன். தகடு சூடேறத் தொடங்கியது. கம்ப்யூட்டரில் படம் திறந்திருந்தது. மேகம், படிகள், பல் தெரியச் சிரிக்கிற ஜார்வெல். தோளில் நாலு விரல்.

"கைய எடுத்துடவா?" என்று கேட்டேன்.

"வேணாம்," என்றான் டான்ட்ரெஸ். "முழுசா வையுங்க. அவனையும் சேத்து."